சீம்பால் தூக்கு

வொம்மெல்ஸ்,
12 நவம்பர் 2018, திங்கள்

என் அன்பு மகள் யிட்ஸ்கே,

எழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பாய். நான்தான். எழுபத்திரண்டு வயதில் உன் அப்பா தன் கையால் எழுதும் முதல் கடிதம் இது. காலைக் கறவை முடிந்து உட்கார்ந்தேன். இந்த வரிக்கு வருவதற்குள் காபி ஆறிவிட்டது. போகட்டும், எவ்வளவு அழகாக நிற்கின்றன பார் எழுத்துகள்! நூலகத்தில் நடக்கும் எழுத்து வகுப்பின் ஆசிரியை, "ஃபோன்ல சொல்றத எழுதிப் பாருங்க, கை பழகும்" என்றாள். உனக்கும் வசதி. குழந்தை தூங்கும்போது கடிதம் மணியடிக்காது.

என் இருமல் இன்னும் விடவில்லை. இருமுகிறவர் யாரும் உன் வாசல்படி தாண்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் மீறமாட்டேன். ரின்ஸ்கே பிறந்து ஏழு வாரம் ஆகிறது. மாதம் நிறையாமல் வந்த பிள்ளை. ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பேத்தியைப் பார்த்திருக்கிறேன். உன் அண்ணன் டௌவே இதே மாதத்தில்தான் போனான். அவனுக்கு அப்போது எட்டு வாரம். நெஞ்சுச்சளி.

இப்போது நல்ல செய்தி. நேற்று நம் பசு கிளாஸ்கே, காதில் முப்பத்தொன்றாம் எண் மாட்டியவள், கன்று போட்டாள். அதோடு, பண்ணைப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கத்தை நானே படித்தேன், விரலை வைத்து, இரண்டு காலை எடுத்துக்கொண்டு. பசும்பாலில் நோய் எதிர்ப்பொருள் இருக்கிறதாம். கைக்குழந்தைகளின் நெஞ்சைப் பிடிக்கிற அந்த வைரசை அது பிடித்துக்கொள்கிறதாம். காய்ச்சாத பால் குடித்து வளர்ந்த பண்ணைக் குழந்தைகளுக்குச் சளி குறைவாம். சீம்பாலில் இன்னும் அதிகமாம். காய்ச்சினால் கெட்டுவிடுமாம்.

ஆகவே இரண்டு லிட்டர் சீம்பாலைத் தூக்கில் ஊற்றி, மாட்டு லாரி ஓட்டும் சீபேயிடம் கொடுத்தனுப்புகிறேன். "டேய் வொப்பே, உன் கையில பேனா கெடச்சா ஊரே நடுங்குது" என்று சிரிக்கிறான், சிரிக்கட்டும். குழந்தைக்குத் தினம் ஒரு கரண்டி. காய்ச்சாதே. மிச்சத்தில் உங்களுக்குப் பான்கேக் சுட்டுக்கொள். தூக்கைக் கழுவாமல் திருப்பி அனுப்பு. நம் வீட்டு வழக்கம் தெரியுமல்லவா, கழுவினால் மாடு வற்றிவிடும்.

உன் அப்பா,
வொப்பே


வொம்மெல்ஸ்,
14 நவம்பர், புதன்

யிட்ஸ்கே,

கொடுக்காதே. அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்காதே.

ஒன்பது தடவை கூப்பிட்டேன். உன் ஃபோனும் அணைந்திருக்கிறது, மாப்பிள்ளை யெல்லேயின் ஃபோனும் அணைந்திருக்கிறது. செய்தி பதிவாகும் அந்த இயந்திரத்தில் கத்தினேன். நீ அதையெல்லாம் கேட்கிறவள் இல்லை. நானே வந்துவிடுவேன், ஆனால் இந்த இருமலோடு வந்து நானே அவளுக்கு எமனாகக் கூடாது. சீபே லாரியை எடுத்துக்கொண்டு நிற்கிறான். கடிதத்தை உன் கதவிடுக்கில் போடுவான்.

இன்று வகுப்பில் அந்தக் கட்டுரையைப் பெருமையாக உரக்கப் படித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஆசிரியை, "மீதியையும் படிங்க" என்றாள்.

"மீதியா? முடிஞ்சுபோச்சே" என்றேன்.

அவள் பக்கத்தின் அடியைத் தொட்டாள். அங்கே ஒரு சின்ன அம்புக்குறி, அதன் அருகே இருபத்து நான்கு என்ற எண். நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஒரு கட்டுரை பாதியில் நின்று, வேறொரு பக்கத்தில் போய் மறுபடி தொடங்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இருபத்து நான்காம் பக்கத்தில் இருக்கிறது: காய்ச்சாத பாலில் சாணத்துக் கிருமி இருக்கலாம். கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும். கொடுத்துவிட்டாயா? ஒரு வார்த்தை சொல்.

அப்பா


குரோனிங்கன்,
17 நவம்பர், சனி

அப்பா,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். யெல்லே இன்று துணி எடுக்க வீட்டுக்குப் போனபோதுதான் உங்கள் இரண்டாவது கடிதம் கிடைத்தது. ஃபோனில் பேசினால் உங்களைத் திட்டிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை யெல்லே கரண்டியில் உங்கள் பாலோடு வந்தார். "மாமா எவ்ளோ ஆசையா அனுப்பியிருக்காரு, ஒரு வாய் குடுத்துப் பாப்போமே" என்றார். நானும் சரி என்றேன், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ரின்ஸ்கே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு சொட்டு உதட்டில் பட்டு வழிந்தது, துடைத்துவிட்டேன். பிறகு என் பாலைக் கொடுத்தேன். அதையும் தொடவில்லை. மத்தியானமும் சரியாகக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால், மூச்சுக்கு மூச்சு விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழி விழுகிறது. அப்படியே தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வந்தோம், ஃபோன் இரண்டும் அணைந்தே கிடந்தன.

அந்த வைரஸேதான் அப்பா. நீங்கள் பயந்த அதே வைரஸ். மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறார்கள்.

உதட்டில் பட்ட ஒரு சொட்டைப் பற்றி யெல்லே சொன்னதும் டாக்டர் தூக்கைக் கேட்டார். உங்கள் மாடு வற்றிவிடும் என்று பயந்து யெல்லே அதைக் கழுவாமலே வைத்திருந்தார், அதனால் சோதிக்க முடிந்தது. கிருமி இருந்தது. நீங்கள் படித்த அதே கிருமி. நல்லவேளை, குழந்தைக்குள் போகவில்லை.

"பத்திரிகையில போட்டது பொய்யில்லைம்மா" என்றார் டாக்டர். "எதிர்ப்பொருள் நெசமாவே இருக்கு. காய்ச்சினா கிருமி, எதிர்ப்பொருள் ரெண்டும் சாகும், காய்ச்சலன்னா ரெண்டும் பொழைக்கும். ஒண்ணை மட்டும் எப்படிக் காப்பாத்துறதுன்னுதான் இன்னும் பாத்துக்கிட்டிருக்காங்க."

எல்லாம் தெரிந்ததுபோல் ஏன் எழுதினீர்கள் அப்பா? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

யிட்ஸ்கே


வொம்மெல்ஸ்,
19 நவம்பர், திங்கள்

என் யிட்ஸ்கே,

கேட்டிருக்க வேண்டும். அறுபது வருடம் எல்லாவற்றையும் அடுத்தவரைக் கேட்டே வாழ்ந்துவிட்டு, ஒரு தடவையாவது நான் சொல்கிறவனாக இருக்க ஆசைப்பட்டேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1981, நவம்பர். டௌவேக்குச் சளி. உன் அம்மா ஔக்யேவும் காய்ச்சலில் மாடியில் படுத்திருந்தாள். காலையில் தாதி வந்து பார்த்துவிட்டு என் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். "எல்லாம் இதுல இருக்கு, படிச்சுக்குங்க" என்றாள். "சரி" என்றேன். வேறென்ன சொல்வேன்? அந்தப் பெண்ணிடம் போய் எனக்குப் படிக்கத் தெரியாது என்றா? தாளைக் கடிகாரத்துக்கு அடியில் வைத்துவிட்டுக் கறவைக்குப் போனேன். பிள்ளை பகல் முழுக்கக் குடிக்கவில்லை. நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்து, சத்தம் போடாமல் நடந்தேன். சாயங்காலம் உன் அம்மா இறங்கி வந்து அவனைத் தூக்கினாள்.

உன் அம்மா இறந்த பிறகு பார்த்தால், அவள் தையல் பெட்டியில் அந்தத் தாள் இருந்தது. நாலாக மடித்து வைத்திருந்தாள். சாகும்வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் படிக்கத்தான் நான் வகுப்பில் சேர்ந்தேன். செப்டம்பரில் படித்து முடித்தேன். "இரண்டு வேளை பால் குடிக்க மறுத்தால் உடனே கூப்பிடவும்." அவ்வளவுதான். ஒரே வரி.

நீ கவனித்தாய். உடனே போனாய். நான் செய்யாததை நீ செய்துவிட்டாய். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அவள் மூச்சு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல். இங்கே ஃபோனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

அப்பா


குரோனிங்கன்,
27 நவம்பர், செவ்வாய்

அன்புள்ள அப்பா,

வீட்டுக்கு வந்துவிட்டோம். அன்று ஃபோனில் நீங்கள் அழுத அழுகையில் நான் சொன்னதில் பாதி உங்கள் காதில் விழுந்திருக்காது, அதனால் எழுதியும் சொல்கிறேன். குழாயை எடுத்துவிட்டார்கள். ஒரு வேளைக்குத் தொண்ணூறு மில்லி குடிக்கிறாள். இன்னும் கொஞ்சம் விசிலடிக்கிறது நெஞ்சு. நானும் யெல்லேவும் மாறி மாறி உட்கார்ந்து மூச்சை எண்ணுகிறோம். பயம் போகவில்லை. போகும் என்கிறார்கள்.

தூக்கை ஆஸ்பத்திரியில் கொதிநீராவியில் வைத்துக் கண்ணாடி மாதிரி கழுவிக் கொடுத்துவிட்டார்கள். "அய்யய்யோ, மாமா மாடு வத்திடுமே" என்று யெல்லே தலையில் கைவைத்தார். கிளாஸ்கே வற்றினால் என்னைக் கேட்காதீர்கள்.

எனக்குக் கோபம் முழுதாகத் தீரவில்லை. இனி அவளுக்கு எதை அனுப்பினாலும் முதலில் கேளுங்கள்.

கீழே அம்புக்குறி போட்டிருக்கிறேன். அலங்காரம் இல்லை. →

(பின்பக்கம்)

அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது அந்தத் தாளைப் பற்றி என்னிடம் சொன்னாள். "உங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சும் நான் எந்திரிச்சு வந்து கேக்கல, தூங்கிட்டேன்" என்றாள். அவள் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள் அப்பா. உங்களை இல்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். நான் படிக்க உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கண் இருட்டுகிறது. உங்கள் இருமல் நின்றதும் வாருங்கள். நீங்கள்தான் எங்களுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும்.

மெதுவாக. இரண்டு பக்கமும்.

உங்கள்
யிட்ஸ்கே