லோக்கல் தைலம்

அன்புள்ள அத்தான்,

போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். உங்கள் அக்கா, அதான் மைனி, கூப்பிடும் முன் படித்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய பெட்டியை இன்று பிரித்தோம். ரப்பர் பால்வெட்டு வேலை முடிந்ததும் கீரிப்பாறையிலிருந்து என் அப்பாவும் வந்திருந்தார். வழக்கம்போல மைனி கோடாலித் தைலத்தையெல்லாம் தனக்கு வேண்டியவர்களுக்கு எடுத்து வைத்துவிட்டு, அப்பாவிடம் நம்மூர்க் கடைத் தைலத்தை நீட்டினார். "அவிய லோக்கலுதானே, இது போரும்."

"அம்மா, தாத்தா லோக்கலா? அப்பம் நீயும் லோக்கலா?" என்று ஜாஸ்மி கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்லார் முன்னாலும் நான் பதில் சொன்னேன் அத்தான். "மக்கா, வெளிநாட்டுச் சாமான் பாரின், இங்க உள்ளது லோக்கல்னு கடைக்காரங்க பிரிச்சு வச்சாவ. சாமானுக்குச் சொன்னத நாமதான் மனுசனுக்கும் சொல்லிட்டோம்." சொல்லிக்கொண்டே கோடாலித் தைலம் ஒன்றை எடுத்து அப்பா கையில் வைத்தேன்.

"பி.ஏ. படிச்ச திமிரு."

"எம்.ஏ., மைனி."

இப்போது பாதி சந்தோஷம். மீதி, அக்காவிடம் நீங்கள் என்ன சொல்வீர்களோ என்ற பயம். நீங்கள் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொன்னவர்களைத் தடுத்ததும் இல்லை.

அடுத்த பெட்டியில் ஒரு பொட்டலத்தின்மேல் அப்பா பெயரை உங்கள் கையாலேயே எழுதி அனுப்புவீர்களா?

பதில் வரும்வரை தூங்காத,
உங்கள் மகளின் அம்மா