மஞ்சள் தடவாத சேலை

மாமா,

நேற்று மத்தியானம் உங்கள் சின்ன மகன் என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பழுப்பேறிய அஞ்சலட்டை. அவன் அதை நீட்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வரிக்கு வரி மேலே ஏறிக்கொண்டு போகும் அந்தக் கையெழுத்து என்னுடையது. பதின்மூன்று வயதில் உங்களுக்கு நான் எழுதியது.

"எங்கப்பா தவறிப் பத்து நாளாச்சு. அவரு பெட்டியில இது இருந்துச்சு. விலாசத்த வச்சு விசாரிச்சு வாரேன்" என்றான். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டான்: "எங்கத்தைய எந்தச் சுடுகாட்டுல வச்சு எரிச்சீங்க? ஒரு மாலையப் போட்டுட்டுப் போயிருறேன்."

அதற்குப் பிறகு நடந்ததை அப்புறம் எழுதுகிறேன். முதலில் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. இது உங்களுக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம். முதல் கடிதம் பார்த்த வேலை நம் இரண்டு பேருக்கும் தெரியும். இதை நீங்கள் படிக்க முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருக்கிறது.

உங்களோடு நான் இருந்தது ஒரே ஒரு மத்தியானம். ஒரு மணி நேரம்கூட இருக்காது. ஆனாலும் வாழ்க்கையில் நான் அதிகம் நினைத்துப் பார்த்த ஆள் நீங்கள்தான். என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

எழுபதுகளின் கடைசி அது. காளவாசலைத் தாண்டி வயலையெல்லாம் மனைக்கட்டாக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். கல் ஊன்றிய மனைகள், கருவேலஞ்செடி, நடுநடுவே பத்துப் பன்னிரண்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் ஊர்க் குடும்பம். யாருடைய பூர்வீகமும் யாருக்கும் தெரியாது. அதற்காகவே அப்பா அங்கே வீடு பிடித்தார். ஊருக்குள் குடியிருந்தால் 'எந்த ஊரு, யாரு மக' என்று கேட்டு முடிக்காமல் விடமாட்டார்கள்.

வாடிப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் உங்கள் ஊரில் அப்பா கம்பவுண்டராக இருந்தார், வேறு சாதிக்காரர், ஒருநாள் பொழுது விடிவதற்குள் உங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. வீட்டின் சட்டதிட்டங்கள்தான் தெரியும். அம்மா வாடிப்பட்டிப் பக்கத்து பஸ் எதிலும் ஏறமாட்டாள். போட்டோவுக்கு நிற்கமாட்டாள். கேட் சத்தம் கேட்டால் முதலில் நான்தான் போய்ப் பார்க்க வேண்டும். ரேஷன் கார்டில் இருந்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அது தன் பெயர்தான் என்று யோசித்துவிட்டுத் திரும்புவாள். எனக்கு அதெல்லாம் எரிச்சலாக இருந்தது. பயம் என்று புரியவில்லை.

பிறகு நான் வயதுக்கு வந்தேன். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எதிர்வீட்டு செல்விக்குச் சடங்கு நடந்திருந்தது. அவளுடைய தாய்மாமன் உசிலம்பட்டியிலிருந்து மைக்செட்டோடு வந்து இறங்கினார். தன் கையால் பச்சை ஓலை வெட்டிக் குச்சுக் கட்டி அவளை உள்ளே உட்காரவைத்தார். தெருவே வாயைப் பிளந்து பார்த்தது. எனக்கு எதுவும் இல்லை. செல்வியின் அம்மா வந்து, "தாய்மாமன் இல்லாம எப்புடிக்கா புள்ளைக்குத் தண்ணி ஊத்துறது?" என்று கேட்டார். "கூடப் பொறந்தவுகன்னு எனக்கு யாரும் இல்லக்கா" என்றாள் அம்மா.

அது பொய் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒருநாள் எனக்குத் தலை வாரும்போது, "இந்தச் சுருட்ட முடி அப்படியே எங்கண்ணன் முடிடி" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மாமா என்று ஒருவர் இருந்துகொண்டே வரவில்லை என்றால் அவரை யாரும் கூப்பிடவில்லை என்றுதானே அர்த்தம்? அம்மாவின் பெட்டியைத் துழாவினேன். பழைய பள்ளிக்கூடச் சான்றிதழில் தாத்தாவின் பெயரும் ஊரும் இருந்தன. உங்கள் பெயர் தெரியாததால் தாத்தாவின் பெயரை எழுதி, 'அவர்களின் மகன்' என்று போட்டேன்.

நேற்று அதை மறுபடி படித்தேன். 'மாமா, நான் உங்கள் தங்கச்சி மகள். பெரியமனுஷி ஆகிவிட்டேன். எல்லாருக்கும் சீர் வருகிறது. நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.' அதன் கீழே வழி. எந்த பஸ், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு. கார்டில் இடம் மிச்சமிருந்ததால் இன்னும் ஒரு வரி: 'அப்பா காலை எட்டு மணிக்கு மருந்துக்கடைக்குப் போனால் ராத்திரிதான் வருவார். அம்மா எந்நேரமும் வீட்டில்தான் இருக்கும்.'

கார்டு போட்ட பத்தாம் நாள் நீங்கள் வந்தீர்கள். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு துணிப்பை. நான் குதித்துக்கொண்டு ஓடி வந்து கேட்டைத் திறந்தேன். முடியைப் பார்த்ததுமே நீங்கள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்களும் என் முடியைத்தான் பார்த்தீர்கள்.

"நீதான் கார்டு போட்டியா தாயி?"

"ஆமா மாமா."

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பையைக் காலடியில் வைத்தீர்கள். அதன் வாய் திறந்திருந்தது. மேலே ஒரு அரக்கு நிறச் சுங்குடிச் சேலை. எனக்குத்தான் என்று மனசு துள்ளியது. சேலைக்கு அடியில் சாக்கு சுற்றிய ஏதோ ஒன்று. பிடி மட்டும் வெளியே தெரிந்தது. நான் கேட்டேன்: "குச்சுக்கு ஓலை வெட்டவா மாமா அருவா கொண்டாந்தீங்க?"

 பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டீர்கள். "உங்காத்தா எங்க?" என்றீர்கள்.

கூப்பிடுவதற்காகத் திரும்பினேன். அடுப்படிக் கதவு பாதி சாத்தியிருந்தது. அதன் பின்னால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உங்கள் குரலைக் கேட்ட பயத்தில் நின்ற இடத்திலேயே சிறுநீர் போயிருந்தது. சேலைக் கொசுவம் நனைந்து கால் வழியே வழிந்தது. எங்கள் அம்மாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அந்த நொடியில்தான் எல்லாம் எனக்கு விளங்கியது. பஸ், போட்டோ, பெயர், சாக்கு சுற்றிய அருவாள், நான் எழுதிய அந்தக் கடைசி வரி.

"அம்மா இல்ல மாமா."

"எங்க போயிருக்கா?"

"செத்துப்போச்சு."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாயில் அதுதான் வந்தது. எப்போது என்று கேட்டீர்கள். கார்டு போட்ட மறுநாள், காய்ச்சல் என்றேன். கொல்லைக் கொடியில் அம்மாவின் சேலை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்படியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நீங்கள் இரண்டையும் கவனித்தீர்கள்.

"கொழம்பு யாரு வச்சது?"

"நாந்தான்."

"கருவாட்டுக் கொழம்புல மாங்கா போடுறது எங்க வீட்டுப் பக்குவம்."

"அம்மா சொல்லிக்கொடுத்துச்சு."

 தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை. அடுப்படிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எழுந்து நான்கு எட்டு வைத்தால் முடிந்தது. நான் குறுக்கே நின்றேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். நிற்கவில்லை மாமா. சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதேன். உங்கள் வலது கை பைக்குள் போனது. வெளியே வரும்போது அதில் சேலை இருந்தது.

அதை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தீர்கள். "பொறந்த வீட்டுக் கோடி. செத்தவளுக்கு நாங்கதான போடணும்" என்றீர்கள். பிறகு என்னிடம் பேசுவதுபோல் கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினீர்கள். "செத்தவ செத்தவளாவே இருக்கணும் தாயி. எங்காத்தா செத்தாலும் அவ அங்கிட்டு வந்து நிக்கக் கூடாது. நான் செத்தாலும் நிக்கக் கூடாது. வந்தான்னா நான் ஊருல போய்ச் சொல்லப் போறது பொய்யாயிரும். அப்புறம் நான் வர மாட்டேன். வேற ஆளுக வருவாக."

நீங்கள் போய் அரைமணி நேரம் கழித்துத்தான் அம்மா வெளியே வந்தாள். அவள் கேட்ட முதல் வார்த்தை, "அண்ணே தண்ணி குடிச்சாகளா?" என்பது. இல்லை என்றேன். சேலையை எடுத்து நான்கு முனையையும் புரட்டிப் பார்த்தாள். நல்லநாளுக்கு எடுத்த துணி என்றால் முனையில் மஞ்சள் தடவியிருக்கும். இதில் இல்லை. நான் பொய் சொல்வதற்கு முன்பே, ஊரிலிருந்து கிளம்பும்போதே, பிணத்துக்குப் போடும் கோடியாகத்தான் அது உங்கள் பையில் ஏறியிருக்கிறது. அம்மா அதை மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு மஞ்சளை உரசி நான்கு முனையிலும் தடவினாள். மறுநாள் காலையில் குளித்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டாள்.

"அதப் போயிக் கட்டியிருக்கியே" என்று கத்தினேன். "எங்கண்ணே எடுத்ததுடி" என்றாள். கிழிகிற வரைக்கும் கட்டினாள். என்னை அடிக்கவும் இல்லை, கார்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

எண்பதுகளில் உங்கள் அம்மா போய்ச் சேர்ந்த சேதி மருந்துக்கடை வழியாக எங்களுக்கு வந்தது. அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கேதத்துக்குப் போகவில்லை. அப்பா கூட்டிப்போகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

இத்தனை வருடமும் நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். என் பொய்தான் அம்மாவைக் காப்பாற்றியது, நீங்கள் ஏமாந்து போனீர்கள் அல்லது ஏமாந்த மாதிரி நடித்தீர்கள், அதோடு சரி. உங்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. நேற்று உங்கள் மகன் பேசப் பேசத்தான் மிச்சம் தெரிந்தது. நான் எழுதியது அஞ்சலட்டை அல்லவா? உங்கள் கைக்கு வருவதற்குள் டீக்கடையில் ஊரே படித்துவிட்டதாம். அவனுக்குப் பெரியப்பா, சித்தப்பா முறையான பங்காளிகள் எல்லாரும் உங்கள் வாசலில் வந்து நின்றார்களாம். நீ போகிறாயா, நாங்கள் போகட்டுமா என்று கேட்டார்களாம். திரும்பி வந்து நீங்கள் சொன்னது, "முடிஞ்சிருச்சு" என்ற ஒரே வார்த்தை.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டதோ அப்படியே விட்டுவிட்டீர்கள். காய்ச்சலில் செத்தாள் என்றால் யாராவது விசாரிக்க வந்திருப்பார்கள். வெட்டிப்போட்டேன் என்றால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? "அத்தைய வெட்டுன கைன்னு, சின்னப் புள்ளையில அவரு உருட்டிக் குடுக்குற சோத்த வாங்கவே பயப்புடுவேன்" என்றான் உங்கள் மகன். "எங்கம்மாவும் பயந்துக்கிட்டேதான் இருந்துச்சு. கடைசி வரைக்கும் அவரு ஒத்த வார்த்தை சொல்லல." அவன் ஐம்பது வயது ஆள். என் முன்னால் நின்று அழுதான்.

அப்போது உள்ளேயிருந்து அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது, சுருட்டை மட்டும் போகவில்லை. உங்கள் மகன் அந்த முடியைப் பார்த்தான். யாரும் அவனுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கடைசில ரொம்ப இழுத்துக்கிட்டுக் கெடந்தாகளாப்பா?" என்று கேட்டாள்.

"இல்லத்த. தூக்கத்துலயே போயிட்டாரு." பிறகு அவள் காலைப் பிடித்துக்கொண்டான். "காரியத்துக்கு வாங்கத்த. எங்கப்பா கொலகாரன் இல்லைன்னு ஊரு பாக்கட்டும்."

அம்மா அவன் தலையில் கை வைத்தாள். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை. "எனக்காக அம்புட்டுப் பழியையும் சொமந்து, சொன்ன சொல்லுல நின்னுட்டுப் போயிருக்காக. நான் வந்து அதப் பொய்யாக்கவா? செத்தவ எப்புடிப்பா கேதத்துக்கு வருவா?" என்றாள். பிறகு அம்மா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டான்.

உங்களை நான் மகானாக்கப் போவதில்லை மாமா. நீங்கள் அருவாளோடுதான் வந்தீர்கள், கோடியோடுதான் வந்தீர்கள். மாங்காய் போட்ட குழம்பு அன்றைக்கு அடுப்பில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் உங்களுக்காக நேற்று அழுதேன்.

உங்கள் மகனை வழியனுப்ப வாசல் கேட் வரை போனேன். அங்கே நின்று, "மதினி" என்று முதல்முறையாக முறை சொல்லிக் கூப்பிட்டான். "எங்க போயிட்டு வாரேன்னு சித்தப்பா மக்க கேப்பாக. அவக இன்னும் பழைய ஆளுகதான். என்ன சொல்லட்டும்?"

"எங்கம்மா செத்துப்போச்சுன்னு சொல்லு" என்றேன்.

பதின்மூன்று வயதில் இதே வார்த்தையை உங்களிடம் சொன்னபோது என் குரல் நடுங்கியது. நேற்று உள்ளே அம்மா எச்சில் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். கொஞ்சம்கூட நடுங்கவில்லை.