கயிறு கட்டிய கதவு

ரோசலிக்கு,

பீல் ஆற்றின் தென்கரையிலிருந்து கேலம் எழுதுகிறேன். நான் சுகம். நீயும் சுகம் என்று உன் மாமா சொல்லிவிட்டார், ஆகவே அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. இங்கே ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. இல்லாவிட்டால் நான் கடிதம் எழுதுகிற ஆளா?

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் மெக்பர்சனில் பள்ளிக்கூட வேலைக்கு இந்த வாரத்துக்குள் நீ பதில் சொல்ல வேண்டும் என்று உன் தங்கை சொன்னாள். சரி என்று சொன்னால் நீ அம்மாவோடு அங்கேயே இருந்துவிடுவாய், ஒயிட்ஹார்ஸில் நம் வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. இது எனக்குப் புரியாமல் இல்லை. நீ பதில் சொல்வதற்கு முன்னால் உன்னை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். என் கூட்டாளிகள் ஓட்டோவிடமும் ரொமெலிடமும் சும்மா ஊர் சுற்றப் போகிறோம், வடகோடிக் கடல் வரை போய்க் காலை நனைத்துவிட்டு வரலாம் என்றேன். "மச்சான், கடலுக்கா போற, மாமியா வீட்டுக்கா போற? அதுக்குத் தக்கன சட்டை எடுத்து வைக்கணும்ல" என்று ரொமெல் கேட்டான். அவனிடம் எதையும் மறைக்க முடியாது.

ஓட்டோவின் பெரியப்பா விட்டுப்போன அந்தப் பழைய கேரவனில்தான் வந்தோம். எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஓட்டுகிறவன்தான் சரியில்லை. எதிரே லாரி வந்தால் கல் தெறிக்கும் என்று ஓரம் கட்டுகிறான். லாரி போன பிறகு தூசி அடங்கட்டும் என்று நிற்கிறான். தூசி அடங்கினால் மலையைப் பார் என்கிறான். பார்த்தேன், மலைதான். என்னிடம் கொடுடா ஸ்டியரிங்கை என்றால், "நீ ஓட்டுனா வண்டி முன்னாடி போய்ச் சேரும், வீடு பின்னாடி தனியா வரும்" என்று பதில் சொல்கிறான். அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஈகிள் பிளெயின்ஸ் தாண்டி நான் ஓட்டியபோதுதான் ஒரு குழியில் இறங்கி, பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. மாற்றுவதற்குச் சாமான் இல்லை. இப்போது அந்தக் கதவு ஒரு கயிற்றில் நிற்கிறது.

ஆனாலும் சொல்கிறேன், பயணம் நன்றாகத்தான் இருந்தது. நான் இவ்வளவு சிரித்து வெகுகாலம் ஆயிற்று. சூரியன் இறங்குவதே இல்லை. யாருக்குப் பசிக்கிறதோ அந்த நேரம்தான் சாப்பாட்டு நேரம். ரொமெல் இஞ்சி போட்டுக் கோழிக் கஞ்சி வைக்கிறான். மூன்று பேரும் கேரவன் கூரைமேல் உட்கார்ந்து கொசுவை அடித்துக்கொண்டே குடிக்கிறோம்.

ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தால், வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகிற பெரிய படகு ஓடாமல் நிற்கிறது. மேலே மலையில் நல்ல மழையாம். வெள்ளத்தோடு வேரும் கிளையுமாக மரங்கள் மிதந்து வருகின்றன. அவை வருவது நிற்கும் வரை வண்டிகளை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கம் மேட்டில் ஏறினால் உன் ஊர். இந்தப் பக்கம் நான். கோடு கிழித்த ஒரு குச்சியைக் கரையில் நட்டு, தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் வேலை செய்கிறவர் ஒருவர் வந்து குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, ஆத்துக்குக் காய்ச்சலா? அடிக்கடி அளந்து பாக்குறியே" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எங்களுக்கு முன்னும் பின்னும் வண்டிகள் நிற்கின்றன. எல்லாம் உங்கள் ஊர்க்காரர்கள், கடைக்கு முட்டையும் வெங்காயமும் ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர் மட்டும் வெளியாள். அடுப்பும் கழிப்பறையும் இருக்கிற வண்டி எங்களுடையது மட்டும்தான். வந்து கொஞ்ச நேரத்தில் கயிறு தானாக அவிழ்ந்தது. ஈடித் என்கிற அம்மாள் உள்ளே வந்தார். தட்டவில்லை, கூப்பிடவில்லை. நான் சட்டை மாற்றுவதற்காகப் பனியனோடு நின்றேன். "பாத்தாச்சு, போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கெட்டிலைத் தூக்கி ஆட்டினார், தண்ணீர் இருந்தது, தனக்குத் தேநீர் போட்டுக்கொண்டு என் படுக்கையில் உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காய்ந்த மீனை என் கையில் வைத்தார். வாயில் மீன் இருக்கும்போது எப்படிச் சண்டை போடுவது?

அதன் பிறகு ஆள் நடமாட்டம் ஓயவில்லை. தூக்கம் வந்தவர் தூங்கிவிட்டுப் போகிறார். ஒருவர் ரொட்டி சுட்டார். வெங்காய லாரிக்காரர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டுகிறார். "தட்டுறது யாரு, போலீஸா?" என்று உள்ளே இருக்கிறவர்கள் கத்துகிறார்கள். அப்படிக் கத்தினவர்களில் நானும் ஒருவன்.

இன்றைக்கு உன் வில்பர்ட் மாமா சின்னப் படகில் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இந்தக் கரைக்கு வந்தார், வரிசையில் நிற்கிறவர்களுக்கு மீனும் செய்தியும் கொண்டு. கேரவனுக்குள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "என்ன மாப்ள, இந்த வீட்டுக்கு நம்பர் என்ன? சொன்னாத்தானே உள்ள வர முடியும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் நம் வீட்டுக் கதவில் நம்பர் பூட்டு மாட்டிய கதை ஊருக்கே தெரியும் போலிருக்கிறது. அதற்காக நாம் போட்ட சண்டையும்தான். இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவனுக்குப் பூட்டு வேண்டும் என்றேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நீ அதற்காகவா ஊருக்குப் போவாய் என்று இத்தனை மாதமும் எனக்கு விளங்கவில்லை.

மாமா தேநீர் குடித்துக்கொண்டே மற்றதைச் சொன்னார். ஜனவரியில் கண் பரிசோதனைக்கு வந்தபோது உன் அம்மா நம் வீட்டுக்கு வந்தாராமே. "அக்கா கைப்பிடியைத் திருகிப் பாத்திருக்கா. தொறக்கல. வீடு மாறி வந்துட்டோம்னு நெனச்சிருக்கா. அப்புறம் ஜன்னல்ல ரோசலி பின்னின திரைய பாத்துட்டு, சரியான வீடுதான்னு புரிஞ்சிருக்கு. ஒண்ணும் சொல்லாம ஓட்டலுக்குப் போயிட்டா." மணியை ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். கேரவனில் ஒருவரும் சிரிக்கவில்லை. "பெத்த பொண்ணு வீட்டுல மணி அடிச்சா வருவாங்க?" என்று ஈடித் அம்மாள்தான் கேட்டார்.

ரோசலி, அன்றைக்கு நான் உள்ளேதான் இருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தேன். இதை நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். பூட்டு, பூட்டு என்று பூட்டைப் பற்றியே சண்டை போட்டாயே, வாசலில் நின்றது யார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. உன் அம்மா சொல்ல வேண்டாம் என்றாராம், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே தான் வரக்கூடாது என்று. நான் வெளியே போய் ஏற்கெனவே கழுவிய டயர்களை மறுபடி கழுவினேன்.

திரும்பி வந்தபோது மாமா, "படகுல எடம் இருக்கு, ஏறு. அக்கா வீட்டுலதான் இருக்கா. நேரா உள்ள போய் உக்காரு, எங்க ஊருல யாராவது கேட்டுட்டா வருவாங்க?" என்றார். ஓட்டோ என் பையையே எடுத்து வெளியே வைத்துவிட்டான். நான் ஏறவில்லை. உன் ஊரில் யாரும் கேட்க வேண்டியதில்லைதான். நான் கேட்க வேண்டும். அத்தை வீட்டுக் கதவைத் திறந்து நான் பாட்டுக்கு உள்ளே போனால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், தேநீர் கொடுப்பார். அதனால்தான் என்னால் முடியவில்லை. இதை ஓட்டோவிடம் சொன்னேன். "இவ்வளவு தூரம் என் வண்டியை ஒடச்சுக் கொண்டாந்தது, ஆத்தங்கரையில நின்னு லெட்டர் எழுதவாடா?" என்றான். ஆமாம்.

இன்னொன்று. உங்கள் ஊர் மின்நிலையத்தில் டீசல் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்களாம். மாமா போகிற போக்கில் சொன்னது. நான் விண்ணப்பிக்கவில்லை. உன்னைக் கேட்காமல் நானாக ஒன்றைச் செய்துவிட்டு அப்புறம் காரணம் சொல்கிற பழக்கம் போதும். நான் அங்கே இருப்பது உனக்குச் சம்மதமா என்று முதலில் தெரிய வேண்டும். சம்மதமில்லை என்றால் அதையும் நேராகச் சொல். சுற்றி வளைத்துச் சொன்னால் எனக்குப் புரியாது என்பதுதான் உனக்குத் தெரியுமே.

மாமா மூன்றாவது தேநீரையும் முடித்துவிட்டார். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னும் எழுதுறானே, கலியாணத்துக்கு முன்னாடிகூட இவ்வளவு பேசலையே" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறார். ஆகவே முடித்து, அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

இந்தக் கடிதத்தை முதலில் அத்தையிடம் படித்துக் காட்டு, பனியன் விஷயத்தை மட்டும் விட்டுவிடலாம். நான் வரலாமா என்று அவரைக் கேள். அவர் என்னைத் திட்ட வேண்டுமென்றால் மாமாவின் படகிலேயே வரட்டும், உட்கார வைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வர வேண்டாம் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவோம். ஓட்டோ ஓட்டுவான், மெதுவாகத்தான் போவோம்.

பள்ளிக்கூடத்துக்குச் சரி என்றே சொல். ஆகஸ்ட் கடைசியில் உன் முன்னால் வந்து உட்காரப்போகிற பிள்ளைகள் உன்னைப் படுத்தாமல் இருக்கட்டும். குளிர்காலம் முழுக்க உன் வகுப்பறையில் விளக்கு அணையாமல் எரியட்டும்.

உன் பதிலுக்காகக் கரையில் நிற்கும்,
கேலம்