பூப்பெயர் ஒட்டிய பத்து டப்பாக்கள்

மிஸ்,

இன்று காலை ரிங்லெட் கிளினிக்கில் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நர்ஸ் பெண் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள். நூற்று ஐம்பத்தாறு என்று காட்டியது. கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி அழுத்தினாள். நூற்று நாற்பத்தொன்று. மூன்றாவது தடவை இன்னொரு நர்ஸ் வந்து பார்த்தாள். நூற்று நாற்பத்தெட்டு.

"மெஷினுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு அங்கிள்," என்றாள் முதல் பெண்.

"மெஷினத் திட்டாதம்மா. முதல்ல கையத் தொங்கப் போட்டிருந்தேன். ரெண்டாவது தடவ மேசமேல வச்சிருந்தேன். அவங்க வந்தப்போ நான் பேசிக்கிட்டு இருந்தேன். மூணும் ஒண்ணா இருந்தாத்தான் நான் பயந்திருப்பேன்."

"அங்கிள் டாக்டரா?"

"தேயில காய வைக்கிற ஆளு லா."

இருவரும் சிரித்தார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்து உட்கார்ந்திருந்தபோது உங்கள் நினைப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டேன்.

ஆமாம் மிஸ், இதை எழுதுவது நான்தான். வேலு. யாரிடமும் சொல்லி எழுதச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ரிங்லெட் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த தேநீர் ஆறிவிடுகிறது. ஆறட்டும். எனக்கு இப்போது அவசரம் எதுவும் இல்லை. நீங்கள் ஈப்போவில் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தை எங்கும் போட முடியாது என்று தெரியும். போட முடியாவிட்டாலும் எழுத முடிகிறது, அதுவே எனக்குப் பெரிய காரியம்.

நீங்கள் எங்கள் தேயிலை பாக்டரிக்கு அளவுகளைச் சோதிக்க வந்த வருஷத்தை நினைத்துப் பார்க்கிறேன். வாங்கியவர்கள் ஒரு லோரி தேயிலையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உள்ளே ஈரம் இருந்து பூசணம் பிடித்துவிட்டது என்றார்கள். காய வைக்கும் அடுப்பில் காலை ஷிப்ட் நான், மாலை ஷிப்ட் தனபால். நாங்கள் அவரவர் ஷிப்டில் தேயிலையை ஈர மீட்டரில் அளந்து, காய்ந்தது என்று சொன்ன பிறகுதான் மூட்டை கட்டுவார்கள். எங்களுக்கு மேல் சின்னப்பன் கிராணி எப்போதாவது வந்து அளந்து பார்த்துக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவார். மூன்று பேரில் யாரோ ஒருவர் தப்பாக அளந்திருக்கிறார், அந்த ஆளைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், மலைக்கு மருந்தடிக்க அனுப்பிவிடுகிறேன் என்று மானேஜர் துரை உங்களிடம் சொன்னார்.

எனக்கு முழங்கால் போய்விட்ட வயது. முதுகில் மருந்து டாங்கியோடு அந்தச் சரிவில் ஒரு நாள்கூட நிற்க முடியாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மெஷின் பக்கம் நிற்கக்கூடாது என்று புதிதாக உத்தரவு போட்டிருந்தார் துரை. எனக்கு எண்கள் மட்டும் தெரியும். இலை நிறுக்கும் தராசிலிருந்து பழகியது. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. என் மனைவியைத் தவிர யாருக்கும் அது தெரியாமல் முப்பது வருஷம் ஓட்டியிருந்தேன். நீங்கள் எங்களை ஆராய வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் உங்கள் கண்ணில் படாமல் அடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நீங்களோ ஆட்களை விட்டுவிட்டு மீட்டரைத்தான் முதலில் பார்த்தீர்கள். சின்னக் கிண்ணத்தில் தேயிலையைப் போட்டு மூடி, பொத்தானை அழுத்தினால் நூற்றுக்கு எத்தனை பங்கு ஈரம் என்று சொல்லும் பெட்டி. எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னீர்கள்: "ஒரே ஆளு ஒரே தேயிலைய மறுபடி மறுபடி அளந்தா எவ்வளவு மாறுது, அது ஒண்ணு. ஆளு மாறினா எவ்வளவு மாறுது, அது இன்னொண்ணு. இந்த ரெண்டும் சேர்ந்து ரொம்பப் பெருசா இருந்தா, நாம தேயிலைய அளக்கல அண்ணே. நம்மளையே அளந்துக்கிட்டு இருக்கோம்."

நன்றாகக் காய்ந்தது, அரைகுறையாகக் காய்ந்தது, ஈரமானது என்று பத்து விதத் தேயிலையைப் பத்து டப்பாவில் அடைத்தீர்கள். மூன்று பேரும் ஒவ்வொரு டப்பாவையும் மூன்று தடவை அளக்க வேண்டும். பனி உள்ளே வந்தால் தேயிலை ஈரம் குடித்துவிடும் என்று ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினீர்கள். பனி ஏதாவது செய்கிறதா என்று பார்க்க ஒரு டப்பாவைத் தனியாக வைத்து, வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் அளந்தீர்கள். எல்லாம் யோசித்தவர் ஒன்றை யோசிக்கவில்லை. எண் போட்டால் வரிசை என்று நினைத்துக்கொள்வார்கள் என்று டப்பாக்களுக்குப் பூப்பெயர் எழுதி ஒட்டினீர்கள். ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, தாமரை என்று கிராணி உரக்கப் படித்தார்.

"கல்யாண வீடு மாதிரி இருக்கு மிஸ்," என்றார் தனபால்.

அவரவர் அளந்ததை அவரவரே அந்தப் பெயருக்கு நேராகத் தாளில் எழுத வேண்டும் என்றீர்கள். "கண்ணாடிய வீட்டுல மறந்துட்டேன் மிஸ். நம்பர நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க," என்றேன். நீங்கள் சரி என்றீர்கள். மறுநாளும் கண்ணாடியை மறந்தேன். மூன்றாம் நாளும் மறந்தேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது மிஸ்.

நான்காம் நாள் நீங்கள் சுவரில் ஒட்டிய படம் எனக்குப் புரிந்தது, அதில் எழுத்து இல்லை, ஆளுக்கு ஒரு நிறத்தில் புள்ளிகள்தான். கிராணிக்கும் தனபாலுக்கும் ஒவ்வொரு டப்பாவிலும் மூன்று புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழுந்திருந்தன. என் புள்ளிகள் கொஞ்சம் மேலும் கொஞ்சம் கீழுமாக நின்றன.

"என்ன வேலு, லாட்டரி நம்பரா எடுக்குற?" என்றார் கிராணி. "மூணு தடவ அளந்தா மூணு நம்பரு!"

தனபால் சிரிக்கவில்லை. அவருக்கும் என் முழங்கால் தெரியும். துரை படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆள் கிடைச்சாச்சு போல," என்றார். நீங்கள் அவரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டீர்கள். அன்று வீட்டுக்குப் போன வழி எனக்கு நினைவில்லை.

மறுநாள் நீங்கள் தனியாக உட்கார்ந்து, ஒரே டப்பாவை ஒரே கையால் இருபது தடவை அளந்துகொண்டிருந்தீர்கள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு எண்களைக் காட்டினீர்கள். மூன்று புள்ளி இரண்டு, மூன்று புள்ளி மூன்று, மூன்று புள்ளி ஒன்று. "பாருங்கண்ணே, யாரு அளந்தாலும் இந்த மீட்டர் இவ்வளவு ஆடும். உங்க புள்ளியும் இவ்வளவுதான் ஆடுது. அவங்க ரெண்டு பேருக்கும் எப்படி ஆடாம நிக்குது?" என்றீர்கள். பிறகு சாதாரணமாகக் கேட்டீர்கள்: "ரோஜா டப்பாவுல ரெண்டாவது தடவ என்ன வந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"எது ரோஜா மிஸ்?"

"மேல எழுதியிருக்கே அண்ணே."

நான் டப்பாவைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "எனக்குப் படிக்கத் தெரியாது மிஸ்," என்றேன். முப்பது வருஷம் தொண்டையில் கிடந்தது, இவ்வளவு சின்ன வாக்கியமாக வெளியே வந்தது. நீங்கள் பரிதாபமாகப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "அய்யோ அண்ணே! நீங்க ஒருத்தர்தான் ஒழுங்கா அளந்திருக்கீங்க!"

மற்ற இருவரையும் கூப்பிட்டுக் கோபமில்லாமல் கேட்டீர்கள். தனபால் தலையைச் சொறிந்தார். "ரோஜாவுக்கு மூணு புள்ளி நாலுன்னு மொத தடவையே எழுதிட்டேன் மிஸ். மறுபடி மூணு புள்ளி அஞ்சு வந்தா, அளக்கத் தெரியாத ஆளுன்னு நெனைப்பீங்கல்ல? அதான் பழைய நம்பரையே போட்டேன்." கிராணி, "பள்ளிக்கூடத்துல விடை மாத்தி எழுதினா அடிப்பாங்கல்ல," என்று முணுமுணுத்தார். பொய் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை. பரீட்சை என்று நினைத்துவிட்டார்கள்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். பூப்பெயர்கள் டப்பாவுக்கு அடியில் போயின. எந்த டப்பா எப்போது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தீர்கள். மூன்று பேருக்கும் எண்ணை நீங்களே எழுதினீர்கள். எனக்கு மட்டும் எழுதிக் கொடுப்பது என்ற பேச்சே இல்லாமல் போனது. இந்தத் தடவை மூன்று பேருடைய புள்ளிகளும் ஒரே மாதிரி ஆடின. ஆனால் தனபாலின் புள்ளிகள் எல்லா டப்பாவிலும் என்னுடையதற்குக் கீழே நின்றன, கிராணியுடையவை எல்லாவற்றிலும் மேலே நின்றன.

நீங்கள் எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். கிராணி கிண்ணத்தில் தேயிலையைப் போட்டதும், வீட்டில் தேயிலை டப்பாவைத் தட்டுவது போல மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். தேயிலை இறுகிவிடும். மீட்டர் அதிக ஈரம் என்று சொல்லும். தனபால் உயரத்திலிருந்து பொலபொலவென்று கொட்டி அப்படியே மூடுவார். தேயிலை தளர்வாக நிற்கும். ஈரம் இருந்தாலும் மீட்டர் காய்ந்தது என்று சொல்லும். லோரி திரும்பி வந்தது அதனால்தான். எப்படிக் கொட்ட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததே இல்லை.

தனபாலின் முகம் வெளுத்துவிட்டது. துரை வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "ஆள மாத்த வேணாம் சார், கொட்டுற விதத்த மாத்துவோம்," என்றீர்கள். ஒரு புனல், ஒரே உயரம், தட்டக்கூடாது, மேலே குச்சியால் ஒரு தடவை மட்டமாக வழிக்க வேண்டும். அப்படிச் செய்து மூன்றாம் தடவை அளந்தபோது யார் புள்ளி எது என்று உங்களாலேயே சொல்ல முடியவில்லை. மூன்று பேரும் அவரவர் இடத்திலேயே இருந்தோம். தனபால் அன்று எனக்கு ரொட்டி சானாய் வாங்கித் தந்தார், ஏன் என்று நானும் கேட்கவில்லை.

நீங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "மொத தடவ செஞ்சது ஏன் தப்பாச்சுன்னு எழுதணும் அண்ணே." நான் தலையை மட்டும் ஆட்டினேன். என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் மீட்டருக்கு மேலே, உங்கள் கையெழுத்தில் தமிழில் ஒரு தாள், பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் தொங்கியது. நீங்கள் போய்விட்டீர்கள்.

அதன் கீழேதான் பதினோரு வருஷம் வேலை செய்தேன். யாரையும் படித்துக் காட்டச் சொல்ல முடியாது, கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். என் பெயர் அதில் இருக்கிறது என்பது மட்டும் மற்றவர்கள் பேச்சிலிருந்து தெரியும். புதிதாக வருகிறவர்கள் தாளைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஓ, நீங்கதான் அந்த வேலு அண்ணனா?" என்று சிரிப்பார்கள். படிக்காதவன் என்று தெரிந்துகொண்டு சிரிக்கிறார்கள் என்று நான் முறைப்பேன். துரைக்குத் தெரிந்தும் இரக்கப்பட்டு விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். உங்கள்மேல் கோபம் வந்த நாட்களும் உண்டு, மிஸ். மன்னியுங்கள்.

போன மாதம் பாக்டரிக்குப் போனேன். மீட்டர் புதிது. தாள் மஞ்சளாகிப்போய் அங்கேயே தொங்கியது. விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். புனல், உயரம், குச்சி எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில் இருந்தது இது:

"முதல் முறை பெயர்களை டப்பாவின் மேலே ஒட்டியது என் தவறு. பெயரைப் பார்த்தால் பழைய எண்ணை எழுதத் தோன்றும். வேலு அண்ணன் மட்டும் பெயரைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்தார். எல்லாரும் அவரைப் போல அளக்கவும்."

மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அதேதான் வந்தது.

மீட்டர் பக்கம் நின்ற பெண், "என்ன ஆச்சு அங்கிள், அழுறீங்களா சிரிக்கிறீங்களா?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை. அத்தனை வருஷமும் அவர்கள் என்னைப் பார்த்து மரியாதையாகத்தான் சிரித்திருக்கிறார்கள். நான் அத்தனை பேரையும் முறைத்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் இன்னும் பிரிஞ்சாங் சந்தைக்கு வருகிறவர்கள். இப்போது ஒவ்வொருவரையும் பார்க்கும்போது நானே முதலில் சிரிக்கிறேன். சிலர் பயந்து போகிறார்கள்.

அந்தக் கடைசி நாலு வரியையும் பார்த்து எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, ஆனால் ஒரு எழுத்துகூட விடவில்லை. என் பெயர் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதிவிட்டேன், மிஸ்.

வேலு