லயம் வரை வந்த ரோடு

மேல் லயம்,
வண்டிப்பெரியார்.

அன்பு மகள் ஆனந்திக்கு அம்மா மாரித்தாய் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பூபதிராஜாவும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம். இடது கையால் எழுதுகிறேன், கோணலாகத்தான் இருக்கும். வலது கையில் கட்டு. கொழுந்து பறிக்கும்போது சரிவில் விழுந்துவிட்டேன்.

உன் வளைகாப்புக்கு வருவேன். ஆனால் உன்னைக் கூட்டிக்கொண்டு வர மாட்டேன். தலைப்பிரசவம் அங்கே திருப்பூரிலேயே நடக்கட்டும்.

போன வருஷம் அந்த நிலத்துக்காரன் ஜோபி, நம் லயத்து வீடுகளுக்குக் கீழே கட்டடம் கட்டி, பிராந்திக்கடைக்கு விட அக்கம்பக்கத்தார் சம்மதம் வேண்டுமென்று பேப்பரோடு வந்தான். கடை வந்தால் லயம் வரை தார் ரோடு போட்டுத் தருவதாகச் சொன்னான். உன்னைப் பெறும்போது என்னைக் கம்பளியில் கட்டித்தான் மலையிறக்கினார்கள். உனக்கு வலி எடுத்தால் ஜீப் வாசலுக்கே வருமே என்று நினைத்தேன். தெரிந்தேதான் முதல் கையெழுத்துப் போட்டேன். மற்ற பெண்களையும் போட வைத்தேன்.

ரோடு வந்துவிட்டது. முன்பெல்லாம் உன் அப்பா டவுனுக்குப் போய்க் குடிப்பார். மலையேறித் திரும்புவதற்குள் பாதி போதை இறங்கிவிடும், பேசாமல் படுத்துவிடுவார். இப்போது கடை கூப்பிடு தூரம். குடித்த சூடு ஆறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது. எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

போன ஞாயிறு பட்டப்பகலில், கடை வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று சண்டை. சுருளிவேல் நம் பக்கத்து வீட்டு நல்லதம்பியைப் பாட்டிலால் குத்திவிட்டான். பதினைந்து வருஷமாகத் தேயிலைக்கு ஒன்றாக மருந்தடிக்கிறவர்கள். நல்லதம்பிக்கு ஒரு கண் போய்விட்டது. ஜீப் கடை வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவர் பெண்டாட்டி ராமலட்சுமி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கடையை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தோம். போன இடத்தில் என் கையெழுத்தையே எடுத்துக் காட்டுகிறார்கள்.

என் கை சரிவில் விழுந்து உடையவில்லை என்று உனக்கே புரிந்திருக்கும். அப்பாவை வெறுக்காதே. மறுநாள் காலையில் அவர்தான் கட்டுப்போடக் கூட்டிப்போனார். கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டு அழுதார். சாயங்காலம் மறுபடி கடைக்குப் போனார். வளைகாப்பில் உன் மாமியார் முன்னால் என் கைக்கு என்ன ஆனதென்று கேட்காதே.

பெற்றவள் பிரசவம்கூடப் பார்க்கவில்லையா என்று அவர்கள் சொன்னால், அம்மாவுக்கு மனசில்லை என்று சொல்லிவிடு. பழி என்மேலேயே இருக்கட்டும். நீ நல்லபடியாகப் பெற்று எழுந்திரு. உயிரோடிருந்தால் பிள்ளையை நான் வந்து பார்க்கிறேன். எனக்குக் காட்ட ஆசைப்பட்டுக்கூட இந்த ரோட்டில் ஏறி வந்துவிடாதே, தாயி.

உன் அம்மா
மாரித்தாய்