பாட்டிலில் இருந்தது என்னுடையது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பணிமனையில் பஸ் கழுவும் உங்கள் மச்சான் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. மூன்று தடவை போனில் இந்தப் பேச்சை எடுத்தேன். மூன்று தடவையும் "சிக்னல் இல்ல மச்சான்" என்று வைத்துவிட்டீர்கள். காகிதத்தில் அந்த வசதி கிடையாது. நான் பள்ளிக்கூடம் போகாதவன், பஸ் போர்டைப் பார்த்து எழுத்துக் கற்றவன். ஊர்ப்பெயர் மட்டும் தப்பில்லாமல் வரும். மற்றதை நீங்கள் சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் ஓட்ட வெளிநாடு போகும் முன் நீங்கள் இங்கே ஓட்டிய பஸ்ஸைப் புதுசாக வந்த ஒருத்தரிடம் கொடுத்திருக்கிறார்கள். மனுஷன் பிரேக் போட்டால் பின்சீட்டுக்காரர் முன்சீட்டுக்காரருக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார். கண்டக்டர் தினமும் உங்களை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார். வண்டியின் இடது பக்கக் கண்ணாடியும் போய்விட்டது. அந்தக் கதை பெரிய கதை, இப்போது வேண்டாம்.

என் தங்கை பெட்டியோடு இங்கே வந்து ஒன்பது நாள் ஆகிறது. "என்னால உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, உன் வழியப் பாத்துக்கோ" என்று நீங்கள் சொன்னீர்களாம். இரண்டு லீவுக்கு ஊருக்கே வரவில்லை. அதற்கு முந்தின லீவில் வந்தபோதும், உள்ளே புழுக்கம் என்று கூடத்தில் பாய் போட்டுக்கொண்டீர்களாம். உங்கள் பை ஓரத்தில் இரண்டு மாத்திரை அட்டை பார்த்திருக்கிறாள். அது ஆம்பளைகள் படுக்கை விஷயத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரை என்று மருந்துக்கடைக்காரர் சொன்ன பிறகு, என் மனைவியிடம் "எனக்காக இல்லன்னா வேற யாருக்காக அண்ணி இதச் சாப்பிடுறாரு? நான் அவ்வளவு கிழவியாயிட்டேனா?" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். வெங்காயம் இருந்ததால் கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள்தான் என்னிடம் சொன்னாள். தங்கையின் படுக்கை விஷயத்தை அண்ணன்காரன் எழுதுவது எனக்கே கூசுகிறது. ஆனால் அடுத்த வாரம் வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொல்கிறாள். கூச்சம் பார்த்தால் குடும்பம் போய்விடும்.

இதற்கு நடுவில் நான் ஒரு நாள் முன்கண்ணாடி துடைக்கும்போது தலை சுற்றி, ஸ்டூலோடு கீழே வந்தேன். எலும்புக்கு ஒன்றுமில்லை, ஸ்டூலுக்குத்தான் ஒரு கால் போச்சு. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. பிரஷர் அதிகம் என்றார். அப்புறம் சாதாரணமாக, "வீட்ல தாம்பத்தியத்துல ஏதாவது சிரமம் உண்டா?" என்று கேட்டார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். "காலண்டர்ல பதில் இல்லங்க" என்றார். எனக்கில்லை, எங்கள் மாப்பிள்ளைக்கு என்றேன். "இங்க வர்ற எல்லாரும் மாப்பிள்ளைக்குத்தான் கேக்குறாங்க" என்று சிரித்தார். சத்தியமாக மாப்பிள்ளைதான் என்று நான் சொன்ன விதத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை, அது ஆண்மை போனதில்லையாம். ரத்தம் ஓட வேண்டும், நரம்பு வேலை செய்ய வேண்டும், மனசும் கூட வர வேண்டும். ஒன்று மக்கர் பண்ணினாலும் அங்கே தெரியுமாம். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, சிகரெட், குடி, உடம்பு அசையாமல் உட்கார்ந்தே இருக்கிற வேலை, தூக்கமில்லாமை, கவலை, சில நேரம் வேறு நோய்க்குச் சாப்பிடுகிற மாத்திரைகூட. ஒரு தடவை முடியாமல் போனால், அடுத்த தடவை அந்தப் பயமே முடியாமல் ஆக்கிவிடுமாம். அங்கே இருப்பது மெல்லிய குழாய், அடைப்பு வந்தால் முதலில் அதில் தெரியும், பல பேருக்கு நெஞ்சு பின்னால்தான் காட்டும், அதனால் இதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். டீசல் குழாயில் தூசி அடைத்தால் வண்டி முதலில் மேட்டில்தானே திணறும்? நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

அப்புறம், "அவர் தண்ணி நிறையக் குடிப்பாரா? அடிக்கடி ஒதுங்குவாரா?" என்று கேட்டார். அது சர்க்கரை நோயின் அடையாளமாம். "நம்ம டிரைவருக்கு ரோட்டோரத்துல இருக்குற மரமெல்லாம் சொந்தம்" என்று பாசஞ்சர்கள் கிண்டல் பண்ணியதும், அவர்களோடு சேர்ந்து நான் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

வருஷா வருஷம் நடக்கிற உடம்புப் பரிசோதனையை மறந்திருக்க மாட்டீர்கள். "சர்க்கரைன்னு தெரிஞ்சா ஸ்டியரிங்க விட்டு இறக்கிடுவாங்க மச்சான், உங்க பாட்டில இப்படிக் குடுங்க" என்றீர்கள். நாலு வருஷம் நான் என் சிறுநீரைக் கொடுத்தேன். அதோடு விட்டோமா? ரிப்போர்ட்டில் குறை இல்லை என்று வந்ததும், "பாத்தீங்களா, எனக்கு ஒண்ணுமே இல்ல" என்று டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டீர்கள். நானும் தலையாட்டினேன். என் உடம்புக்குக் கிடைத்த நல்ல பெயரை உங்கள் உடம்பு என்று இரண்டு பேருமே நம்பிவிட்டோம். இதைவிட முட்டாள்தனம் இந்தப் பணிமனையில் நடந்ததில்லை. ஒருத்தர் தண்ணீர் டேங்கில் டீசல் ஊற்றியதைக்கூடச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இது என் தப்பு. தங்கையின் புருஷன் வேலை போகக்கூடாது என்று செய்தேன், அவள் வாழ்க்கையைக் கெடுத்து வைத்திருக்கிறேன்.

பையில் வைத்திருக்கிற அந்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் இனித் தொடாதீர்கள். டிரெய்லரில் ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது என்றீர்களே, அதற்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கொடுத்திருந்தால், இரண்டும் சேர்ந்து பிரஷர் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாம். முதலில் ரத்தம் கொடுங்கள். உங்கள் ரத்தம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களாம், அங்கே விதி என்ன என்று கேளுங்கள். இறக்கிவிட்டாலும் போகட்டும், இங்கே கழுவ நூறு வண்டி இருக்கிறது. சிகரெட்டை விடுங்கள், தினமும் நடங்கள். நிறையப் பேருக்கு வைத்தியத்தில் சரியாகிறது என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார்.

கடைசியாக ஒன்று. நேற்றுத் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பாட்டில் உட்பட. முழுசாகக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "நாலு வருஷம் நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னைய ஏமாத்தியிருக்கீங்க" என்று என்னை வெளுத்து வாங்கினாள். கொஞ்சம் கழித்து, "நெஞ்சு வலியோடயா அங்க தனியா கிடக்கிறாரு?" என்றாள். இன்று காலையிலிருந்து சமையல் பண்ணும்போதுகூடப் போனை இடுப்பில் செருகிக்கொண்டுதான் திரிகிறாள். "நீ சொன்னதா அவருக்குத் தெரிய வேண்டாம்ண்ணே. அவர் வாயால சொன்னாதான் எனக்கு மரியாதை" என்றாள். அந்தப் பேச்சையும் மீறித்தான் இதை எழுதுகிறேன்.

கூப்பிடுங்கள் மாப்பிள்ளை. அவள் ஒன்றும் தெரியாத மாதிரிதான் கேட்பாள். நீங்களும் முதல் தடவையாகச் சொல்கிற மாதிரியே சொல்லுங்கள். நான் அந்த நேரம் வாசலில் போய் நின்றுகொள்கிறேன்.

நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உங்கள் மச்சான்.