சாப்பாட்டு மேஜையில் ஓட்டிய விமானம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அவளுடைய முழங்கால் மட்டும் அவ்வப்போது தனிக்கட்சி ஆரம்பிக்கும், ரெண்டு நாள் தைலம் தேய்த்தால் மறுபடி கூட்டணிக்கு வந்துவிடும். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் இருந்துகொண்டு உதைக்கிற அந்தப் பெரிய மனுஷரும் எப்படி இருக்கிறீர்கள், கால் வீக்கம் வடிந்ததா, ராத்திரி தூக்கம் வருகிறதா. போனில் கேட்கலாம் என்றால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், எனக்கு ஹலோ மட்டும்தான் மிச்சம். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ அழுதுகொண்டே, நீங்க வராட்டாலும் பரவாயில்லப்பா அம்மாவையாவது அனுப்பி வைங்க என்று சொன்னாயே, அது என் காதை விட்டுப் போகவே இல்லை. உன் அம்மாவிடம் சொன்னால், போனா ரெண்டு பேரும் போகணும், இல்லேன்னா ரெண்டு பேரும் இங்கயே கெடப்போம், நடுவுல விமானம் மாறி ஏறணுமாம், பாஷை தெரியாம நான் எங்க போய் முழிக்கிறது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஆக, தலைப்பிரசவத்துக்கு உன் பக்கத்தில் தாய் இருப்பாளா மாட்டாளா என்பது என் தலையில் வந்து விடிந்தது. நான் ஒன்றும் கோழை இல்லை, உனக்கே தெரியும், வாலிபம் முழுக்க டவுன் பஸ் ஓட்டியவன். ஆனால் அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்தால் என் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடும், உன் கல்யாணத்துக்குப் போன வேனில் மிதித்த மிதியில் டிரைவர் திரும்பிப் பார்த்து, ஐயா வேணும்னா நீங்களே ஓட்டுங்க என்று எழுந்தே விட்டான். விமானத்தில் ஓட்டுகிறவன் முகத்தைக்கூடக் காட்டாமல் கதவைச் சாத்திக்கொள்கிறானாமே, அவனை நம்பி எப்படி ஏறுவது.

அப்போதுதான் மாப்பிள்ளை சொன்னார், மாமா, வீட்டுலயே விமானம் ஓட்டிப் பழகுற விளையாட்டு இருக்கு, ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்க, பயமெல்லாம் ஓடிப்போயிடும் என்று. ஜாய்ஸ்டிக் ஒன்று போதும் என்றும் சொன்னார். நான் கேட்டேனா? கம்ப்யூட்டர் கடைக்காரர் வேறு எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். ஸ்டியரிங் மாதிரி ஒன்று, கீழே ரெண்டு பெடல், மூன்று திரை, அதற்கென்றே ஒரு நாற்காலி என்று வரிசையாக எடுத்துப் போட்டார். திரையும் நாற்காலியும் வேண்டாம், வீட்டில் டிவி இருக்கிறது, சாப்பாட்டு மேஜை நாற்காலி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஸ்டியரிங்கையும் பெடலையும் பார்த்ததும் என் பழைய பஸ்ஸையே பார்த்த மாதிரி இருந்தது, விடுவேனா, ரெண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். நம்முடைய பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் படம் திக்காமல் ஓட ஒரு கார்டு போட்டுக் கொடுத்தார், அது உண்மையிலேயே தேவைதான்.

வந்து உட்கார்ந்தேன். வலது பெடலை மிதித்தால் வேகம் ஏறும் என்று மிதித்தேன், விமானம் வலது பக்கம் புல்லுக்குள் போனது. சரி என்று ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன், அது என்னைச் சட்டையே பண்ணவில்லை. மறுபடி மிதித்தேன், மறுபடி புல். சாமான் சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் கத்த, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று அடுப்படியிலிருந்து உன் அம்மா ஒரு வார்த்தை விட்டாள். பிறகுதான் விளையாட்டிலேயே இருக்கிற பாடத்தைப் பொறுமையாகப் பார்த்தேன். தரையில் போகும்போது விமானத்தைத் திருப்புவது காலால், வேகம் கூட்டுவது கையால். கையும் காலும் இத்தனை வருஷம் செய்த வேலையை மாற்றிச் செய்யச் சொன்னால் நடக்கிற காரியமா. மறுநாளே ரெண்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை சொன்ன ஜாய்ஸ்டிக்கையே வாங்கி வந்தேன். ஒரே கம்பு, முன்னே தள்ளினால் மூக்கு தாழும், இழுத்தால் ஏறும், கம்பையே முறுக்கினால் தரையில் திரும்பும், வேகத்துக்கு அடியில் ஒரு சின்ன நெம்புகோல். மேஜையில் வழுக்காமல் இருக்க உன் அம்மா அடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டாள். மாப்பிள்ளை ஆபீஸில் யாரோ புதிதாக வாங்கப்போகிறார்களாமே, என் பேரைச் சொல்லியே சொல், முதலில் இது போதும், பெடலெல்லாம் கை பழகின பிறகு வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, சின்ன விமானத்தில் ஆரம்பிக்கச் சொல். நான் பஸ் ஓட்டியவன் எனக்குப் பெரிசுதான் சரி என்று ஜம்போவில் ஏறி உட்கார்ந்தேன், அத்தனை பொத்தானையும் பார்த்துத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

நம்ம விசிலை நினைவிருக்கிறதா, என் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், தூக்கத்தில்கூட விசில் ஊதுவார் என்று நீ கேலி செய்வாயே, அவர்தான். சேதி கேள்விப்பட்டு, அண்ணே நீங்க ஓட்டுற வண்டியில நான் இல்லாமலா என்று வந்து பக்கத்தில் நாற்காலி போட்டுவிட்டார். நான் ஓட்டுவேன், அவர் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வார். விமானத்தை மெல்ல உருட்டிக்கொண்டு ஓடுபாதைக்குப் போகிறேன், முனை வந்தது, வலது பக்கம் திரும்ப வேண்டும், விசில் கணீரென்று ரைட் என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலில் அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை ஆயிரம் தடவை வண்டியை எடுத்திருப்பேன், காதுக்கும் கைக்கும் நடுவில் மூளைக்கு வேலையே இல்லை, நெம்புகோலை முழுக்கத் தள்ளிவிட்டேன். பதறிப்போய் அவர் ரைட்டு ரைட்டு என்று இன்னும் பலமாகக் கத்த, நான் இன்னும் அழுத்த, நேரே போய் நின்றிருந்த எண்ணெய் லாரியில் சொருகினோம். உன் அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது எங்கள் விமானத்தில் ரைட் என்ற வார்த்தைக்கே தடை, சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்றுதான் வழி சொல்ல வேண்டும்.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் பிடிபட்டுவிட்டதம்மா. டிரைவருக்குப் பயமே காரணம் தெரியாத சத்தம்தான். கிளம்பின கொஞ்ச நேரத்தில் அடியில் தடால் என்று கேட்பது சக்கரம் உள்ளே மடங்குகிற சத்தம், இறக்கை ஆடுவது ஒடியப்போவதால் இல்லை, ஆடினால்தான் ஒடியாது. சரியாக இறங்க முடியாது என்று தெரிந்தால் மறுபடி மேலே ஏறி ஒரு சுற்று சுற்றி வரலாம், அதில் ஓட்டுகிறவனுக்கு அவமானமே இல்லை. சாத்தின அந்தக் கதவுக்கு உள்ளே ஓட்டுகிறவர்கள் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தர் செய்வதை மற்றவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இவ்வளவு தெரிந்த பிறகும் நான் பின்னால் உட்கார்ந்து தரையை மிதித்தால் அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற மரியாதைக் குறைவு. ஏறிவிடுவேன், சந்தேகமே இல்லை.

ஆனாலும் டிக்கெட் எடுக்காமல், கை இன்னும் கொஞ்சம் பழகட்டும், இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் ஊரிலேயே இறங்கிப் பார்ப்போம் என்று தோன்றியது. அந்த ஊர் வானத்தில் இருந்தே தொடங்குகிற வசதி இருக்கிறது. உன் அம்மா பின்னால் நாற்காலி போட்டுப் பயணியாக உட்கார்ந்தாள். ஆறு தெரிந்தது, பாலம் தெரிந்தது, நீ போனில் காட்டுவாயே அந்த உயரமான கட்டடங்கள் தெரிந்தன, ரெண்டு குதி குதித்தாலும் பத்திரமாக இறக்கிவிட்டேன். விமான நிலையத்து வாசல் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். உன் அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, ஏங்க, புள்ள எங்க நிப்பா என்று கேட்டாள். நானும் படத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஒரு மனுஷர் இல்லை. அது வெறும் விளையாட்டு என்று எனக்குத் தெரியாதா, இருந்தும் இன்னொரு தடவை திருப்பி உன்னைத் தேடினேன். அங்கே நீ தனியாக வலியோடு கிடக்க நான் இங்கே சாப்பாட்டு மேஜையில் விமானம் ஓட்டிக்கொண்டிருப்பேனா என்று என் மேலேயே கோபம் வந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய் ரெண்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். டாக்டர் சொன்ன தேதிக்கு முந்தின வாரமே வந்துவிடுகிறோம், விவரமெல்லாம் மாப்பிள்ளைக்கு அனுப்பியாயிற்று.

நாங்கள் வருவதற்குள் வலி எடுத்தால் காத்திருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ, நாங்கள் அங்கேயே வந்துவிடுவோம். கனமான எதையும் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு. நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், பெற்ற வயிறு குளிர நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும். கடைசியாக ஒன்று. விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை மட்டும் வந்தால் போதும், பிள்ளைத்தாச்சியை அலைக்கழிக்காதீங்க என்று எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதிவிட்டேன். ஆனால் நீ வா. உடம்பு இடம் கொடுத்தால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாவது வா. அந்தக் கண்ணாடிக் கதவு திறந்ததும் எனக்கு உன் முகம் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கப் புறப்பட்டுவிட்ட
அப்பா